அம்மாவின் கைகள் இருந்த பெட்டி

எங்கள் வீட்டு ஹோலில், சாமி அறைக் கதவுக்குப் பக்கத்துத் தட்டில், ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. ஒரு பேக்கரிப் பாண் அளவுதான் வரும். அதற்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க். வீட்டு வைஃபையில் இருக்கிற எந்தப் போனிலிருந்தும், ரீவியிலிருந்தும் அதற்குள் இருக்கிற படங்களையும் வீடியோக்களையும் திறந்து பார்க்கலாம். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கண்காணிப்புக் கமராவின் பெட்டி என்று நினைத்துத் தலைமயிரைச் சரிசெய்துகொள்கிறார்கள். நானும் அவர்களைத் திருத்துவதில்லை. அது என்ன என்று சொல்லத் தொடங்கினால் தம்பியின் கதையைச் சொல்லவேண்டும். தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற கதை இல்லை அது.

தம்பி பிறவியிலேயே காது கேளாதவன். அவன் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் யுத்தத்தால் பாதைகள் பூட்டிக் கிடந்தன. காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் எங்கேயோ தூரத்தில் இருந்தது. அங்கே கொண்டுபோய் விடுகிற நிலைமை எங்களுக்கு இருக்கவில்லை. அதனால் கிளிவெட்டிக் கிராமத்தில் எங்கள் வீட்டுக் குசினிக்குள், அடுப்புக்கு முன்னால், அம்மாவும் அவனும் இருந்து கையால் கதைக்கத் தொடங்கினார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எந்தப் புத்தகத்தையும் பார்க்கவில்லை. பசி, தண்ணீர், பாம்பு என்று தொடங்கியது, அவன் வளர வளரத் தானும் வளர்ந்தது.

விரல் நுனிகளை உரசினால் நெல். உள்ளங்கையை மேலும் கீழும் ஆட்டினால் மூதூர், ஏனென்றால் அந்தக் காலத்தில் மூதூரிலிருந்து பட்டினத்துக்கு லோஞ்சுப் படகில்தான் வருவோம், அது ஆடு ஆடென்று ஆடும். இப்போது பாலங்கள் வந்துவிட்டன, பஸ்ஸில் ஆடாமல் அசையாமல் வருகிறோம், ஆனாலும் அவர்கள் இருவருக்கும் மூதூர் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. காதைத் திருகினால் நான். அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. வாயைப் பொத்திக் கொட்டாவி விட்டால் என் கணவர். கலியாணத்தன்று மணவறையில் இருந்து அவர் விட்ட கொட்டாவியைத் தம்பி கண்டுவிட்டான். அன்றைக்கு விழுந்த பெயர், இனி மாறாது.

அந்தக் கைப்பேச்சில் எனக்குப் பாதி தெரியும். என் கணவருக்குக் கால்வாசி தெரியும், அதிலும் பெரும்பாலானது சாப்பாட்டைப் பற்றியது. முழுவதும் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். அம்மாவும் தம்பியும்.

தம்பி பெரியவனானதும், நான் கலியாணம் கட்டி இருக்கிற பட்டினத்தில் வேலை கிடைத்தது. உள்துறைமுகப் பக்கத்தில் பைபர் படகுகள் திருத்துகிற இடம். எங்களோடு வந்து தங்கினான். அம்மா வரமாட்டேன் என்றுவிட்டார். வயல் இருக்கிறது, கோழிகள் இருக்கின்றன, பட்டினத்துத் தண்ணீர் ஒத்துவராது என்று ஆயிரம் நொண்டிச் சாட்டு. அதற்குப் பதிலாகப் போனில் வீடியோ எடுத்து அனுப்பப் பழகினார். அரிசி டின்னில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, அதற்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்து, வலது கையால் கதைப்பார். நேரே பார்க்கிற வீடியோ அழைப்பு கிளிவெட்டியில் அடிக்கடி அறுந்து போகும். கை பாதியில் உறைந்து நின்றால் தம்பிக்கு விசர் பிடிக்கும். அதனால் இந்த வழி. அம்மா ஒன்று அனுப்புவார், இவன் படகுக்கு அடியில் இருந்துகொண்டு ஒன்று அனுப்புவான். ஒருநாளும் தவறியதில்லை.

அவன் எதையும் அழிக்க மாட்டான். போன் நிறைந்துவிட்டால் வேறு போன் வாங்குவான். பழையதைப் பிஸ்கட் டின்னுக்குள் போட்டுக் கட்டிலுக்குக் கீழே வைப்பான். “இவன் என்ன போன் கடை போடப் போறானோ?” என்று நான் வாயைக் கிளறுவேன். அவனுக்குக் கேட்காது. கேட்டிருந்தாலும் கணக்கெடுத்திருக்க மாட்டான்.

ஒரு மாரி காலத்தில் அந்த டின்னுக்குள் இருந்த போன் ஒன்று உயிர் விட்டது. எங்கள் ஊர் உப்புக்காற்று கேற்றின் இரும்புப் பிணைச்சலையே தின்றுவிடும், போன் எம்மாத்திரம். கடைக்குக் கொண்டுபோனோம். திறந்து பார்த்தார்கள், துடைத்துப் பார்த்தார்கள், ஏலாது என்று தந்துவிட்டார்கள். அதற்குள் இருந்தது போனதுதான். தம்பி அன்றைக்குச் சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை. குசினி வாசலில் வந்து நின்று, ஒரு கையால் மற்றக் கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எனக்குக் காட்டினான். அம்மா சொன்ன கதைகள் போய்விட்டன என்று சொன்னான். நாங்கள் செத்தவர்களின் குரலைத் தேடுகிறோம், இவனுக்கு உயிரோடு இருக்கிற அம்மாவின் குரலே தொலைகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

அன்றிலிருந்து என் கணவர் ஆராய்ச்சியில் இறங்கினார். அவர் கச்சேரியில், அதுதான் அரசாங்க அலுவலகத்தில், எழுதுநர். ஒரு சாமான் வாங்குவதென்றால் அதன் பரம்பரையே விசாரித்துத்தான் வாங்குவார். சொந்தக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் கிளவுட்டில் போடச் சொன்னார். எங்கள் வீட்டு இணையத்தின் வேகத்துக்கு ஒரு போனில் உள்ளதை ஏற்றி முடிக்கவே அடுத்த பொங்கல் வந்துவிடும். இன்னொருவர் கையடக்க ஹார்ட் டிஸ்க் ஒன்று போதும் என்றார். அது கீழே விழுந்தால் என்ன செய்வது என்று இவர் கேட்டார். விழுத்தாமல் வையுங்கோ என்று பதில் வந்தது.

கடைசியில் இந்தப் பெட்டி. இரண்டு டிஸ்க் என்றதும் நான் சிரித்தேன்.

“என்னத்துக்கு ரெண்டு? ஒண்டில இடம் காணாதோ?”

“காணும். ஆனா ரெண்டிலயும் ஒண்டையேதான் எழுதும். ஒண்டு செத்தாலும் மற்றதில எல்லாம் அப்பிடியே இருக்கும். நீர் சும்மா சிரிக்காதையும்.”

“ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ளதானே இருக்கு? பெட்டி போனா?”

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அது அவர் தோற்றுப்போகிற நேரத்தில் செய்கிற வேலை.

டிஸ்க்குகள் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தன. அட்டைப் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு, அட்டையைக் கேற்றடியில் வைத்துவிட்டு வந்தார். மாடுகளைப்போல வீதியில் திரிகிற மான்களில் ஒன்று அதைச் சப்பிவிட்டது. உத்தரவாதக் கடதாசியும் அதற்குள்தான் இருந்தது. எங்கள் ஊர் மான்களுக்குப் புல்லைவிட அட்டைதான் விருப்பம் என்று தெரிந்திருந்தும் வைத்தாரே என்று நான் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

பெட்டியை எங்கே வைப்பது என்பது அடுத்த வழக்கு. கடற்பக்க யன்னலருகே வைத்தால் உப்பு. அலுமாரிக்குள் வைத்தால் வெக்கை. கடைசியில் சாமி அறைக் கதவுக்குப் பக்கத்துத் தட்டில், மின்சாரம் நின்றாலும் கொஞ்ச நேரம் தாங்குகிற பற்றரியோடு சேர்த்து வைத்தோம். டின்னிலிருந்த போன்களை ஒவ்வொன்றாக இணைத்து ஏற்றினோம். ஏற்றி முடிப்பதற்குள்ளேயே இன்னும் இரண்டு போன்கள் கண்ணை மூடிவிட்டன. நல்லவேளை, அவற்றை முதலிலேயே ஏற்றியிருந்தோம்.

என் கணவர் வருடம், மாதம் என்று தமிழில் எழுதி அழகாக அடுக்கினார். தம்பி அதைப் பார்த்துவிட்டுக் கையை உதறினான். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. மாதத்தின் பெயர் அவனுக்கு என்ன சொல்லும்? பிறகு அவனே இருந்து அடுக்கினான். ஒவ்வொரு அல்பத்துக்கும் முகப்பில் ஒரு படம் வைத்தான். கோழி முகப்பு என்றால் அம்மா கோழிகளைப் பற்றிச் சொன்னவை. பானை முகப்பு என்றால் சமையல். நீட்டிய சுட்டுவிரல் முகப்பு என்றால் அம்மா அவனை ஏசியவை. அந்த அல்பம்தான் எல்லாவற்றிலும் பெரிது. என் முகத்தையும் ஒன்றுக்கு முகப்பாக வைத்திருந்தான். அம்மா என்னைப் பற்றி அவனிடம் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறார் என்று பார்த்தேன். பாராட்டும் இருந்தது, மற்றதும் இருந்தது. மற்றதுதான் கூடுதல்.

ஒரு அல்பத்தின் முகப்பில் வெறும் சுவரும் அதில் தொங்கிய கலண்டரும் மட்டும் இருந்தன. இது என்ன என்று திறந்தேன். அம்மா கதைத்து முடித்துவிட்டு, வீடியோவை நிறுத்த மறந்துபோய் எழும்பிப் போனவை. சுவர் தெரிகிறது. ஒரு கோழி வந்து போகிறது. அம்மா சுளகோடு குறுக்கே நடக்கிறார். யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறார். இவை எதற்கு என்று தம்பியிடம் கேட்டேன். அவன் தன் கண்ணைத் தொட்டு, பிறகு தரையைத் தொட்டுக் காட்டினான். வீட்டில் இருப்பதுபோல என்று அர்த்தம்.

நான் அன்றைக்குத் தையல் மெசினையும் விட்டுவிட்டு மாலை வரை அந்த ரீவிக்கு முன்னாலேயே இருந்தேன். பெரியவள், மூத்தவள் என்று சொல்லிக்கொண்டு இத்தனை காலமும் அந்த வீட்டில் வளர்ந்திருக்கிறேன். என் கண்ணுக்கு முன்னாலேயே இரண்டு பேர் ஒரு பாஷையைச் செய்திருக்கிறார்கள். அதற்குள் பகிடி இருந்தது, பொய் இருந்தது, செத்துப்போன அப்பாவின் நடை இருந்தது, மழை வருமா வராதா என்ற சந்தேகம்கூட இருந்தது. எழுத்து ஒன்றுகூட இல்லாத பாஷை, ஒரு பாண் அளவு பெட்டிக்குள் வந்து இருக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

அந்த வருடம் சரஸ்வதி பூசை வந்தது. எங்கள் வீட்டில் கடைசி நாள் பூசைக்குப் படிக்கிற புத்தகங்களையும் தொழில் சாமான்களையும் சாமிக்கு முன்னால் அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். விஜயதசமி காலையில் திரும்ப எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. என் கத்திரிக்கோல், இவருடைய கல்குலேட்டர், தம்பி படகு தேய்க்கிற மெசின் எல்லாம் வழக்கமாகப் போகும். நான் குசினியில் கடலை தாளித்துக்கொண்டு நின்றேன். தட்டத்தோடு வந்து பார்த்தால், கும்பத்துக்கு முன்னால், புத்தகங்களுக்கு நடுவில், வாழையிலையின் மேல் அந்தக் கறுப்புப் பெட்டி இருக்கிறது. நெற்றியில் சந்தனம், குங்குமம். காற்றுப் போகிற துவாரத்தில் ஒரு செவ்வரத்தம்பூ.

தம்பிதான். வீட்டில் இதைவிடப் பெரிய கல்வி என்ன இருக்கிறது என்று நினைத்து, வயரைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டான். அவனுடைய புதுப் போனிலிருந்து வீடியோக்கள் ஏறிக்கொண்டிருந்த நேரம் அது.

என் கணவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“எழுதிக்கொண்டு நிக்கேக்க பிடுங்கக் கூடாதெண்டு படிச்சுப் படிச்சு… இஞ்சருமப்பா, இப்பவே கொண்டுபோய்ப் போட்டுப் பாப்பம்.”

“பூசைக்கு வச்சதை எடுக்க ஏலாது. விடியட்டும்.”

“விடிஞ்சா மட்டும் என்ன, சரஸ்வதி வந்து திருத்துவாவோ?”

“நீங்கள் திருத்துவீங்களோ?” என்றேன் நான். அதோடு அடங்கினார். ஆனால் தேவாரம் பாடும்போது அவருடைய கண் சாமியில் இல்லை, பெட்டியில்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் என்னுடையதும்தான்.

காலையில் சந்தனத்தைத் துடைத்து, பூவை எடுத்து, வயரைக் கொழுவினோம். பெட்டி வீரிட்டுக் கத்தத் தொடங்கியது. பச்சையாக எரியவேண்டிய இரண்டு விளக்கில் ஒன்று செம்மஞ்சளாக எரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். எதை இழக்கப் போகிறோம் என்று அந்தச் சத்தம் சொன்னதோ, அதற்கு உரியவனுக்கு மட்டும் அது கேட்கவில்லை. அவன் எங்கள் முகங்களைப் பார்த்தான். பார்த்துவிட்டு வெளிறிப் போனான்.

ஒரு டிஸ்க் செத்துவிட்டது. என் கணவர் கோழி அல்பத்தைத் திறந்தார். அம்மா வந்தார், கோழிகளைப் பற்றிக் கதைத்தார். பானையைத் திறந்தார், அதிலும் வந்தார். சுவர், கலண்டர், சுட்டுவிரல், எல்லாம் இருந்தன. மற்ற டிஸ்க் தனியே நின்று எல்லாவற்றையும் தந்துகொண்டிருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இரண்டு டிஸ்க் எதற்கு என்று கேட்ட வாயால் நானே புதிது ஒன்று வாங்கச் சொன்னேன்.

புது டிஸ்க் வாங்கிப் போட்டதும் இருக்கிற டிஸ்க் தன்னிடம் உள்ளதை அதற்கு எழுதத் தொடங்கியது. ஒரு முழுநாளுக்கு மேல் எடுத்தது. நான் போகும்போதும் வரும்போதும் பெட்டியில் கை வைத்துப் பார்த்தேன். மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. தம்பியும் வந்து உள்ளங்கையை வைத்தான். நெடுநேரம் கையை எடுக்கவில்லை. சத்தம் என்றால் என்ன என்று அறியாதவன் அதைக் கையால் கேட்டுக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகு என் கணவர் எல்லாவற்றுக்கும் இன்னொரு பிரதி எடுத்துக் கச்சேரியில் தன் மேசை லாச்சிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்.

அடுத்த போக வெள்ளாண்மை வெட்டுகிற நேரத்தில் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. பக்கத்து வயல்காரர்தான் கண்டு, வான் பிடித்து ஏற்றி அனுப்பினார். உயிர் தப்பியது. ஆனால் வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. வாய்க் கதையும் குழறிப் போயிற்று. எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். பட்டினத்துத் தண்ணீர் ஒத்துவராது என்று சொல்லக்கூட அவரால் முடியவில்லை.

தம்பி கட்டிலுக்கு முன்னால் இருந்து கையால் கதைத்தான். அம்மா பார்த்தார். அவருடைய வலது கை விரிப்பின் மேல் கிடந்தது. அதைத் தூக்க முயன்றார், வரவில்லை. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு தம்பி எப்போது முன்னால் வந்து இருந்தாலும் கண்ணை மூடிக்கொள்வார். இடது கையால் கதைக்கலாமே என்று நான் அம்மாவின் காதுக்குள் சொன்னேன். அவர் அந்தக் கையால் விரிப்பை இறுக்கிப் பிடித்தார். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளையும் செய்யவில்லை. எனக்கு அம்மா இருந்தார், குழறினாலும் பாதி விளங்கியது. தம்பிக்கு அம்மா முன்னால் இருந்தும் ஒரு சொல்கூட வரவில்லை. அவன் வேலைக்குப் போகவில்லை. பெட்டியில் இருந்த எதையும் திறந்து பார்க்கவும் இல்லை. பழையதைப் பார்க்கட்டும் என்று நான் ரீவியைப் போட்டால் எழும்பிப் போய்விடுவான். எனக்குப் பயமாக இருந்தது. பெட்டிக்குள் எல்லாம் பத்திரமாக இருந்து என்ன பயன் என்று கோபமும் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், தம்பி அம்மாவைத் தூக்கிக் கதிரையில் இருத்தி, கதிரையோடு இழுத்துக்கொண்டுபோய் ரீவிக்கு நேரே வைத்தான். சுட்டுவிரல் அல்பத்தைத் திறந்தான். ரீவி நிறைய அம்மா வந்தார். சாப்பிடாமல் வேலைக்குப் போனதற்கு அவனை ஏசுகிறார். வயிற்றைத் தட்டுகிறார், கையை உதறுகிறார், அவனைச் சுட்டுகிறார்.

நான் ஓடிப்போய் நிறுத்தப் பார்த்தேன். விழுந்துபோன கையைக் காட்டி அவரை இப்படி வதைக்கிறானே என்று நினைத்தேன். தம்பி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அம்மாவைக் காட்டினான். அம்மா கண்ணை மூடவில்லை. தன்னைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரீவியில் இருந்த அம்மாவின் வலது கை, கதிரையில் இருந்த அம்மாவின் இடது கைப் பக்கமாக அசைந்தது. கண்ணாடிக்கு முன்னால் இருக்கிற மாதிரி. அங்கே கை எழும்பியது. இங்கே இடது கை கொஞ்சம் எழும்பி, மடியில் விழுந்தது. தம்பி அதே வீடியோவைத் திரும்பப் போட்டான். திரும்பத் திரும்பப் போட்டான். இடது கை வயிற்றைத் தட்டியது. உதறியது. விரல்கள் ஒன்றோடொன்று சிக்கின, பிறகு பிரிந்தன. என் கணவர் குசினி வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு அப்படியே நின்றார். அப்படி ஒரு காட்சியை நான் கோயிலிலும் கண்டதில்லை.

பிறகு அம்மா ரீவியை விட்டுத் திரும்பினார். தம்பியை மேலும் கீழும் பார்த்தார். இடது கையின் சுட்டுவிரலை மெல்ல நீட்டி அவனைச் சுட்டினார். அதே விரலால் தன் நாடியைத் தேய்த்துக் காட்டி, முகத்தைச் சுளித்தார். இத்தனை நாளாய் அவன் தாடி வழிக்கவில்லை. கள்ளன் மாதிரி இருக்கிறாய் என்றார்.

அது எந்த வீடியோவிலும் இல்லாதது.

தம்பி சிரித்தான். அவன் சிரித்தால் பெருஞ்சத்தம் வரும், அது அவனுக்குத் தெரியாது. அம்மாவுக்கு முன்னால் முழங்காலில் இருந்தான். பதில் சொல்ல வலது கையைத் தூக்கியவன், பாதியில் அதை இறக்கி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். இடது கையை மட்டும் முன்னால் கொண்டுவந்து, அந்தக் கைக்குப் பழக்கமில்லாமல், கோணல்மாணலாக, நாளைக்கு வழிக்கிறேன் என்று அம்மாவுக்குச் சொன்னான்.